வெயிலோடு வாழப் பழகுவோம்

(அலவத்துகொடைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மக்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆறு நாள் சேர்ந்த துணி, விறகு, கடைச்சாமான், கோயில், கலியாண வீடு எல்லாம் இந்த ஒரு நாளில்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து, சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகப் பேசத்தான் வந்தோம். முடிகிறதா பார்ப்போம்.

உண்மையில் இன்று பேச வேண்டியவர் முன் வரிசையில் இருக்கும் மாஸ்டர் ஐயாதான். மூன்று நாளாக அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நான் சொன்னதை நீங்களே சொல்லுங்க. பிழையாச் சொன்னா கையைத் தூக்குறேன்" என்று காதுக்குள் சொல்லியிருக்கிறார். 34 வருடம் பிள்ளைகளைக் கை தூக்க வைத்தவர் இன்று எங்களுக்காகக் கை தூக்கத் தயாராக இருக்கிறார்.

ஐயாவை உங்களுக்குத் தெரியும். மகளோடு கீழ் லயத்தில் இருக்கிறார். மகள் இந்தப் பிள்ளைக் காம்பராவில்தான் வேலை செய்கிறார். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்று வந்த காலத்தில் நியமனம் கிடைத்து, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலேயே முழுக்காலமும் படிப்பித்தவர். அங்கே மார்கழி, தை மாதங்களில் காலையில் பிள்ளைகளின் விரல் விறைத்துப் போய்ப் பென்சில் பிடிக்க வராதாம். முதல் பாடம் எழுத்து இல்லை, கையைத் தேய்த்துச் சூடாக்குவதுதான் என்று சொல்வார். தைப் பனியில் கொழுந்து கருகிப் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர் விளங்கும்.

ஓய்வுபெற்று மகளிடம் இறங்கி வந்தார். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் அக்குறணையைத் தாண்டினால் அலவத்துகொட. நுவரெலியாவில் காலை பஸ் ஏறினால் பின்னேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் உயரத்தைப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். 1,000 மீற்றர் கீழே இறங்கினால் ஆறு ஆறரைப் பாகை செல்சியஸ் சூடு கூடும் என்பது புத்தகக் கணக்கு. நுவரெலியாவின் வருடச் சராசரி 16 பாகையளவு, கண்டியில் 24, 25. "அரை நாள் பஸ் பிரயாணத்தில் வேறொரு தேசத்துக்கு வந்த மாதிரி" என்றார் ஐயா. உடம்பு வந்து சேர்ந்துவிட்டது, பழக்கம் வந்து சேரவில்லை என்பதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன கதை.

முதல் வருடம் அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். சிரிக்கலாம், அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரவானதும் யன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்துவிடுவார். மகள் திறப்பார், இவர் எழும்பிப் போய்ச் சாத்துவார். விடிந்தால் சுவெட்டர். குளிப்பதற்குச் சுடுதண்ணி. நாளைக்கு ஏழெட்டுத் தடவை தேத்தண்ணி, வெறும் தண்ணி ஒரு தடவையும் இல்லை. "குளிர்ப் பக்கத்தில் பச்சைத் தண்ணி குடிச்சா நெஞ்சு கட்டும்னு எங்க அம்மா சொல்லிக் கொடுத்தது, அறுபது வயசிலயும் அது போகல" என்றார். அங்கே ராத்திரி வைத்த கறி மறுநாள் மத்தியானம் வரைக்கும் கெடாது. இங்கே காலையில் அரைத்த தேங்காய்ச் சம்பலை மத்தியானம் சாப்பிட்டு இரண்டு நாள் வயிற்றோட்டம். இதெல்லாம் போகட்டும். ஒருநாள் நடுமத்தியானத்தில் சந்திக்குப் பேப்பர் வாங்க நடந்து போனவர், திரும்பி வரும் ஏற்றத்தில் தலை சுற்றி மதகில் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் கூடிவிட்டது என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டொக்டர் நாக்கைப் பார்த்தார், கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தார், கடைசியாக எப்போது தண்ணி குடித்தீர்கள் என்று கேட்டார். ஐயாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வயது போனவர்களுக்கு உடம்பில் தண்ணி குறைந்தாலும் தாகம் சரியாகத் தெரியாது. அவர்கள் தாகத்தைக் காத்திருக்கக் கூடாது, நேரம் வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஐயா வெயிலைப் பற்றிக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். வாத்தியார் பழக்கம். அந்தக் கொப்பியைத்தான் நாங்கள் வாங்கி வாசித்தோம்.

அதில் ஒரு இடத்தில் கேட்டிருக்கிறார்: நாம் குளிர்தேசத்து மக்களா? யோசித்துப் பாருங்கள். 1820களிலிருந்து கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் நம் பாட்டன் பூட்டன்மார் எங்கிருந்து வந்தார்கள்? இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம், திருநெல்வேலி. எல்லாம் வெயில் பூமி. மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, வறண்ட காட்டு வழியே நடந்து வந்து மாத்தளையில் ஏறினார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் தாகத்திலும் வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நடந்த பாதை நமக்குப் பக்கத்தில்தான் முடிந்தது. மலையகத்துக்கு 200 வருடம் ஆனதை நினைத்து 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அதில் சில நாள் நடந்த ஒரு தம்பியிடம் கேட்டோம். வீட்டில் ஒரு கிழமைக்குக் குடிக்கிற தண்ணியை அங்கே ஒரே நாளில் குடித்தேன் என்றார்.

அந்தப் பழைய ஆட்களுக்கு வெயிலோடு வாழத் தெரியும். விடியுமுன் வேலை, நடுப்பகலில் மர நிழல், பழஞ்சோற்றுத் தண்ணி, நீர்மோர், தலையில் முண்டாசு. மேலே குளிருக்குப் போய் நாலு தலைமுறை இருந்ததில் அந்தப் பழக்கமெல்லாம் கம்பளிக்குள் போய்விட்டது. தேவைப்படாததை யார் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது?

ஐயாவின் மூத்த அக்கா 1973இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். 1964இல் இரண்டு பிரதமர்களும் எழுதிய அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்குப் பிரித்தார்கள். கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து திருச்சிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் ஊருக்குத்தான் போனார்கள். ஆனால் அந்தச் சித்திரை வெயிலைத் தாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அக்காவுக்கு மயக்கம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி வந்து, மத்தியானத்தில் அடுப்பு மூட்டாதே, சாயங்காலம் முற்றத்தில் தண்ணி தெளி, மண்பானையை மணல் மேல் வை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்ததை அக்கா கடிதத்தில் எழுதியிருந்தாராம். இரண்டு வருடம் பார்த்துவிட்டு நீலகிரிக்கு ஏறிவிட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் அங்கே தேயிலை போடத் தொடங்கியிருந்தது. அங்கே போனவர்கள் அந்தக் குளிரிலேயே தங்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிக்குப் போனவர்களும் நம் ஆட்கள்தான். அவர்களுக்கு ஏற மலை இல்லை. அந்தச் சூட்டில் கிணறு வெட்டிக் குடியேறினார்கள்.

சரி, நம் இடத்துக்கு வருவோம். அலவத்துகொட வவுனியா மாதிரிச் சூடு இல்லைதான். மிளகுக் கொடி, பலா, பாக்கு, ஜாதிக்காய் என்று பச்சையாக இருக்கிற ஊர். ஆனால் பங்குனி, சித்திரையில் என்ன நடக்கிறது? ஏப்ரல் 5ஆம் திகதியிலிருந்து 15ஆம் திகதி வரையில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. காற்றில்லை. பின்னேரம் இடி மழை வரும் வரைக்கும் புழுக்கம். வேர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் வளிமண்டலவியல் திணைக்களம் பல மாவட்டங்களுக்கு வெப்ப எச்சரிக்கை விட்டதை டீவியில் பார்த்திருப்பீர்கள். 2016, 2017 வரட்சியில் தேயிலைச் செடி வாடி நின்றதும் ஞாபகம் இருக்கும். தேயிலையே மெல்லிய சூட்டை விரும்புகிற செடி. அதனால்தான் நிழல் மரம் வைத்து வளர்க்கிறோம். செடிக்கு நிழல் வேண்டும் என்று தெரிந்த நாம், அதற்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற ஆளைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை.

போன வருடம் பங்குனியில் 7ஆம் நம்பர் மலையில் ஒரு அக்கா விழுந்தது உங்களுக்குத் தெரியும். அவர் இங்கேதான் இருக்கிறார், சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். காலையில் ஒரு ரொட்டித் துண்டு, ஒரு தேத்தண்ணி. பேருக்குக் கொழுந்து காணாது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. இரண்டு மணியளவில் தலையிடி, ஓங்காளம். பிறகு சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கியிருக்கிறார். பக்கத்து நிரைக்காரி பகிடி என்று நினைத்திருக்கிறார். அடுத்த நிமிடம் ஆள் கீழே.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவரைச் சுற்றி இருபது பேர். யாரோ கம்பளியால் போர்த்தியிருந்தார்கள். இரண்டு பேர் உள்ளங்கால் தேய்க்கிறார்கள், ஒருவர் சுடு தேத்தண்ணியை வாயில் ஊற்றப் பார்க்கிறார். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். மேல் மலையில் குளிரில் விறைத்து விழுந்தவருக்கு அப்படித்தான் செய்து பழக்கம். வெயிலில் விழுந்தவருக்கு அது அத்தனையும் தலைகீழ். உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, நாம் போர்வை போடுகிறோம்! எங்களுக்கும் அன்றைக்குக் கை கால் ஓடவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். டிஸ்பென்சரி ஐயா வந்து கம்பளியைத் தூக்கி எறிந்து, ஆட்களை விலக்கி, பீலித் தண்ணியை வாளியில் கொண்டு வரச் சொல்லி ஊற்றினார். அக்கா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

ஆகவே இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வேர்த்து, களைத்து, தலை சுற்றி, காலில் சதை பிடித்து இழுத்தால் அது முதல் அறிகுறி. உடனே வேலையை விட்டு நிழலுக்குப் போக வேண்டும், இறுக்கமான உடுப்பைத் தளர்த்த வேண்டும், தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் சரி வராவிட்டால் டிஸ்பென்சரிக்குப் போங்கள். உடம்பு கொதித்து, பேச்சு தடுமாறி, ஆள் மாறாட்டமாகப் பேசினால் அல்லது நினைவு தப்பினால் அது உயிர் ஆபத்து. அப்போது 1990க்குப் போன் பண்ணுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. அது வரும் வரைக்கும் உடம்பு முழுக்கத் தண்ணி ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணியோ தேத்தண்ணியோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பெனடோலும் கொடுக்க வேண்டாம், அது காய்ச்சலுக்கு உரியது, இந்தச் சூட்டைக் குறைக்காது.

இப்போது ஐயா கண்டுபிடித்த விசயத்துக்கு வருகிறோம். எங்களுக்கு வெட்கமான விசயமும் அதுதான்.

ஏழெட்டு வருடமாக நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் "தண்ணி நிறையக் குடியுங்கள்" என்று சொல்லி வருகிறோம். சுவரில் படம்கூட ஒட்டினோம். அம்மாமார் தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் மக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது என்று நாங்களும் மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டோம். ஐயாவின் மகள் ஒருநாள் வீட்டில் கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறார்: மத்தியானம் பால் கொடுக்க வருகிற தாய்மாரின் தண்ணிப் போத்தல் காலையில் நிரப்பியபடியே இருக்கிறது, மூடிகூடத் திறபடவில்லை. ஐயாவுக்கு அது உறுத்தியிருக்கிறது. தண்ணி இல்லாவிட்டால் ஒரு கதை. தண்ணி இருந்தும் ஏன் குடிக்கவில்லை? படிப்பித்த மனுசன் அல்லவா, பிள்ளை விடை எழுதாவிட்டால் கேள்வி பிழையா என்று பார்ப்பவர். ஒரு கிழமை பின்னேரங்களில் கொழுந்து மடுவத்துப் பக்கம் போய், தனக்கு மகள் முறையானவர்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். முதலில் யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெரியம்மாதான் வாய் திறந்தார். "ஐயா, குடிக்கச் சொல்றீங்க. குடிச்சா அப்புறம் எங்க போறது? கீழ ரோட்டு, மேல ஆம்பிள ஆளு மருந்தடிக்கிறாங்க, புல்லுக்குள்ள அட்டையும் பாம்பும். லயத்துக்குப் போய் வந்தா முக்கால் மணி, நாலு கிலோ போயிரும்."

அவ்வளவுதான் விடை. அவர்கள் நாம் சொல்வது விளங்காமல் இருக்கவில்லை. விளங்கித்தான் குடிக்காமல் இருந்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் வரைக்கும் அடக்கிக்கொண்டு, வாயை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். டிஸ்பென்சரிக்கு அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று வருகிற அம்மாமார் ஏன் இவ்வளவு பேர் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தண்ணி குறைத்து, சிறுநீரை அடக்கினால் அதில் கிருமி தங்கும், கல்லும் வரும். மாதவிலக்கு நாட்களில் இன்னும் கஷ்டம். சுவரில் ஒட்டிய படத்தை அன்றே கழற்றினோம்.

அதன் பிறகு மனேஜர் ஐயாவிடம் போனோம். மாஸ்டர் ஐயாவும் வந்தார். அவர் மறுக்கவில்லை, ஆனால் கையில் காசு இல்லை என்றார். பழைய தகரமும் பலகையும் தோட்டம் தருவது, குழி வெட்டுவது இளைஞர் கழகம், கொமட்டும் சீமெந்தும் நலன்புரி நிதியிலிருந்து நாங்கள் பார்ப்பது என்று பேசி முடித்தோம். 7ஆம் நம்பர் மலைக்குப் பக்கத்தில் ஒன்று கட்டியாகிவிட்டது. உள்ளே கொண்டி உண்டு, பீப்பாயில் தண்ணி உண்டு, சவர்க்காரம் உண்டு. சவர்க்காரத்தை யாரோ வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள், அதைப் பற்றி நாங்கள் இன்று ஒன்றும் சொல்ல மாட்டோம். கீழ் மலைக்கு உரியது இன்னும் கட்டவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போகிறது. பங்குனிக்கு முன் முடியும் என்று நாங்கள் இங்கே வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகப் போகலாம். ஆகவே கீழ் மலை அம்மாமார் நாலு பேர் எங்களோடு மனேஜர் ஐயாவிடம் வர வேண்டும். நாங்கள் தனியாகப் போய்ச் சொன்னால் அது ஒரு கடிதம். நீங்கள் வந்து சொன்னால் வேறு. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் பிரட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, மத்தியானம் கூடுதலாக ஓய்வு விடலாமா என்றும் கேட்டிருக்கிறோம். அதற்கும் பதில் வரவில்லை.

மேல் மலை ஆட்களுக்கு இனிச் சாட்டு இல்லை. தாகம் வரும் வரைக்கும் நிற்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பையளவு, கஷ்டமாக இருந்தால் நிரை முடிகிற ஒவ்வொரு தடவையும். ஒரேயடியாக ஒரு போத்தலை ஊற்றிக்கொள்ள வேண்டாம், வயிறு தாங்காது. போதுமா என்று பார்க்க ஐயா ஒரு வழி எழுதியிருக்கிறார், தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்ற வழி. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. சாயத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணி காணாது. நாம் சாயத்தைப் பார்த்தே தரம் சொல்கிற ஆட்கள், இது கஷ்டமில்லை.

தேத்தண்ணி குடித்தால் உடம்பு வரண்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை, அளவான தேத்தண்ணியும் தண்ணிக் கணக்கில் சேரும். சீனிதான் கவனிக்க வேண்டியது. சாராயமும் கசிப்பும் அந்தக் கணக்கில் சேராது, அவை உள்ள தண்ணியையும் வெளியே தள்ளிவிடும். பின்வரிசையில் சில தம்பிமார் குனிந்துவிட்டார்கள், நாங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்திலும் கற்றுக்கொள்ளலாம். அலவத்துகொடைச் சிங்கள வீடுகளில் பெலிமல், இரமுசு அவித்துக் குடிக்கிறார்கள். இரமுசு என்பது நம் நன்னாரிதான். அக்குறணை முஸ்லிம் கடைகளில் கசகசா ஊறப்போட்ட சர்பத். நம் வீட்டில் தயிர் கொஞ்சம் இருந்தால் ஒரு பானை மோர். தேசிக்காய், உப்பு, தண்ணி இருந்தாலும் போதும். அதிகமாக வேர்த்துக் களைத்தவருக்கோ வயிற்றோட்டம் உள்ளவருக்கோ ஒரு ஜீவனி பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். பக்கெட் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தட்டையாக வழித்து அளந்து. பிரஷர் உள்ளவர்கள் மோரிலும் தேசிக்காய்த் தண்ணியிலும் உப்புப் போட வேண்டாம்.

வீட்டு விசயம். நம் காம்பரா 10 அடிக்கு 12 அடி, மேலே தகரம். மத்தியானம் அது ரொட்டிச் சட்டி மாதிரி. ஐயா தன் தகரத்தின் மேல் கிடுகு பரப்பிக் கல் வைத்திருக்கிறார், முன்பக்கம் பந்தல் போட்டுக் கொடித்தோடை ஏற்றியிருக்கிறார். இரண்டாவது வருடம் கூரையில் பாதிக்கு இலை வந்துவிட்டது. உள்ளே போய் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும். பகலில் வெயில் விழுகிற பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், இரவில் எல்லாவற்றையும் திறவுங்கள். சாக்கை எடுத்துவிடுங்கள். நுளம்பு வரும் என்பீர்கள். வரும். நுவரெலியாக் குளிரில் அவ்வளவாக இல்லாத டெங்கு இங்கே உண்டு. 2017இல் நாடு முழுக்க 1,80,000 பேருக்கு மேல் வந்தபோது கண்டி மாவட்டமும் தப்பவில்லை. வலை கட்டுங்கள். தண்ணிப் பீப்பாயை மூடி, கிழமைக்கு ஒரு தடவை உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும். காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும், டிஸ்பிரின் வேண்டாம்.

இன்சுலின் போடுகிற ஆட்கள் மூன்று பேர் நம் தோட்டத்தில். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர் மருந்தைத் தகரத்துக்குக் கீழே தட்டில் வைக்காதீர்கள், சூட்டில் அது வேலை செய்யாமல் போய்விடும். ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் இன்னொரு சின்னச் சட்டியை இறக்கி, மருந்தைப் பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வையுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் அது குளிர்ச்சியாக இருக்கும்.

கடைசியாகச் சின்னக் குழந்தைகள். பிள்ளைக் காம்பராவுக்கு வருகிற பிள்ளையின் தலையில் கம்பளித் தொப்பி, காலில் மேசு, மேலே சுவெட்டர். பங்குனி மாதத்தில்! ஆயா கழற்றினால் அம்மாயிக்குக் கோபம். அம்மாயிமாரே, நீங்கள் வளர்த்த பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள், அது மேல் மலையில். இங்கே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு சூடென்றாலும் தண்ணி கொடுக்கத் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே தண்ணி உண்டு, கூடுதலான தடவை கொடுத்தால் சரி. அதற்குத் தாய் தண்ணி குடிக்க வேண்டும். அதற்குத்தான் முதலில் சொன்ன கதை எல்லாம்.

ஐயா கை தூக்குகிறார். என்ன ஐயா? சரி, சொல்கிறோம். பகலில் அவர் இப்போதும் சுவெட்டர் போடுவதில்லை, ஆனால் அதைப் பெட்டியில் வைக்காமல் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறாராம். தை மாத விடியற்காலையில் இங்கேயும் இரண்டு நாளைக்காவது குளிராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

தாய்மார் சங்கம் பின்பக்கத்தில் இரண்டு பானை மோர் கலந்து வைத்திருக்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பில்லாதது சின்னப் பானை. கோப்பை காணாது, வீட்டிலிருந்து கொண்டு வந்தவர்கள் அதில் வாங்குங்கள். கீழ் மலை அம்மாமார் நாலு பேர் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒபிசுக்குப் போகிறோம்.